முன்கட்டை

ஹமில்டனில் அதை மலை என்கிறார்கள்.
மலையில்லை, ஊரின் நடுவே ஒரு படி.
கீழ்ப்படியில் வாடகை குறைவு,
மேற்படியில் வேலை.
இரண்டுக்குமாக எங்களிடம் இருப்பது
ஒரே சைக்கிள்.

இரவு ஒன்பதுக்கு நான் ஏறுவேன்,
பாதி மிதித்து, பாதி தள்ளி.
ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்து அடுக்கிவிட்டு
விடியப்புறம் இறங்குவேன்.
ஏழரைக்கு மயூரதன் ஏறுவான், பேக்கரிக்கு.
என் கையுறைச் சூடு ஆறுமுன்
வாசலில் கைப்பிடி கைமாறும்.
சில மாதங்களாய் எங்கள் குடும்ப வாழ்க்கை
அந்த அரை நிமிடம்.

ஏறும்போது தேய்வது முழங்கால்.
பிரேக் கட்டை தேய்வது
வீடு திரும்பும்போது மட்டும்.

இந்த நாட்டில் வலக்கைப் பிடி பின்சக்கரத்துக்கு.
நான் வலக்கைக்காரி, பயந்தவளும்.
கிளெயர்மொன்ட் இறக்கம் முழுக்க
பின்கட்டையை அழுத்தியபடியே வருவேன்,
அது அழும், நான் விடமாட்டேன்.
மயூரதன் இடக்கையன்.
கடைசி வளைவு மட்டும் காற்றாய் விட்டு
முன்கட்டையை ஒரே பிடி.

மாசியில் தெருவுப்பும் சேறும் சேர்ந்து அரைத்ததில்
இரண்டும் சரிக்குச் சரி தேய்ந்தன.
ரிம்மில் கறுப்புக் களி வழிந்தது.
ஞாயிறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
ரப்பரில் ஏறிய அலுமினியத் துருவலை
சேப்டிப் பின்னால் கிண்டி எடுப்பேன்.
கட்டையின் கோட்டில் பெருவிரல் நகத்தை வைப்பேன்:
எவ்வளவு புதைகிறதோ அவ்வளவு மிச்சம்.
அவனுடைய கிழமையை அப்படித்தான் அறிந்தேன்.
மழை நாட்கள், பிந்திய நாட்கள்,
மனேஜரோடு முட்டிய வெள்ளிக்கிழமை,
அன்று வளைவில் வலித்துப் பிடித்திருந்தான்
ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருந்தது.

பங்குனி முடிவில் நாலு கட்டையும் புதிசு போட்டேன்.

முதல் ஞாயிறு, பின்கட்டை சற்றே மழுங்கியிருந்தது.
முன்கட்டை அப்படியே.
சரி, வெயில் வந்துவிட்டது, ஈரமில்லை என்றேன் எனக்கு நானே.
இரண்டாம் ஞாயிறும் அப்படியே.
மூன்றாம் ஞாயிறு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.
ஓரத்தில் அச்சு விட்ட ரப்பர் மயிர்
ஒன்றுகூட உதிரவில்லை.
டயர்ப் பள்ளங்களில் ஏரிக்கரை மணல்.
பின்கம்பியில் சிக்கி
வாத்தின் ஒரு சாம்பல் இறகு.

மலைமேல் ஏரி இல்லை.

பாண் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.
முந்தி வெறும் கடதாசிப் பையில் வரும்,
இப்போது பொலித்தீனில், விலை ஒட்டி.
"வேலை என்ன மாதிரி?"
"பரவாயில்லை. இண்டைக்குக் கொஞ்சம் பாரம்."
நான் வெட்டினேன், பட்டர் பூசினேன், தின்றோம்.
கேட்கலாம்தான்.
பகலில் நித்திரை வராமல் புரண்ட நேரமெல்லாம்
கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், வாய்க்குள்.
ஒவ்வொரு கேள்வியும் பிடித்த உடனே
கிரீச்சென்றது.

நாலாம் ஞாயிறு
பின்கட்டை கோடு தெரியாமல் தேய்ந்துவிட்டது.
கவிழ்த்த சைக்கிளின் அந்தப் பக்கம்
தேநீரோடு வந்து குந்தினான்.
"முன்கட்டை தேயேல்லை," என்றேன்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் முன்சக்கரத்தை ஒரு விரலால் சுண்டிவிட்டான்.
எங்கும் உரசாமல் அது
வெகுநேரம் சுற்றியது.
பக்கத்து வீட்டுக்காரன் குப்பைப் பெட்டியை உருட்டிப்போய்
வைத்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டான்,
இன்னும் சுற்றியது.

"மூண்டு கிழமை,"
சக்கரத்துக்குச் சொன்னான்.

நான் எண்ணியிருந்தது நாலு.
திருத்தவில்லை.

புதுக்கட்டை வாங்கக் காசு எடுக்க எழும்பினேன்.
"இரு," என்றான்.
அலன் சாவியை இடக்கையால் வாங்கினான்.
"முன்னுக்கு இருக்கிறதைக் கழட்டிப்
பின்னுக்குப் போடுவம். உனக்கு அதுதானே வேணும்."
"தேஞ்சது?"
"முன்னுக்கு," என்றான்,
ஆணியை இளக்கியபடி,
"சமதரைக்கு
அது காணும்."