கிடாரம்

நானூறு பேர் என்றார் தவநாயகம்.
முந்நூற்றைம்பது என்று நான் கேட்டேன்.
எல்லாம் தொலைபேசியில்;
சாட்சி, என் குசினியில் அப்போது கொதித்துக்கொண்டிருந்த
வேறு யாரோ வீட்டுச் சாம்பார்.

இரவு எட்டே முக்காலுக்குக் கணவாய் முடிந்தது.
ஒன்பதுக்குச் சோறு.
மாப்பிள்ளை பகுதி, ஜெனீவாவிலிருந்து வந்த சனம்,
வெறுங்கோப்பையோடு வரிசையில் நின்றது
கலியாண வீடியோவில் இருக்கிறது.

மீதி நாலாயிரத்து இருநூறு பிராங்
தரமாட்டேன் என்றார்.
என் பெரிய கிடாரத்தையும்
தன் கராஜுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.
கோட்டுப்படி ஏறுவேன் என்றேன்.
ஏறுங்கோ என்றார்.

ஏறமுன் இன்னொரு படி இருக்கிறதாம் இந்த நாட்டில்.
பூர்க்டோர்ஃபில், இரண்டாம் மாடியில்,
ஒரு மேசை, ஒரு ஜாடி தண்ணீர், மூன்று கிளாஸ்.
ஹிர்சிக் அம்மையார் சைக்கிள் தலைக்கவசத்தைக்
கதிரைக்குக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:
நீங்கள் இங்கே பேசுவதை நான் எழுத மாட்டேன்.

எழுதாததால்தானே அம்மா
இங்கே வந்து இருக்கிறோம்.

ஜேர்மன் மொழியில் சண்டை பிடிப்பது லேசில்லை.
எங்களுடையதைப் போல அதிலும்
வினைச்சொல் கடைசியில் வந்து சேரும் வசனங்கள் உண்டு.
சேருமுன் எனக்கு மூச்சு முட்டிவிடும்.
"இவர் என்னை, என் தொழிலை, இத்தனை பேர் முன்னால்..."
என்று தொடங்கி
நடுவழியில் நின்றேன்.
அவமானப்படுத்தினார் என்பதற்கான சொல்லைத்
தவநாயகமே எடுத்துத் தந்தார்.
தந்துவிட்டுத்
தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கே எனக்குத் தெரியும், சோறு காணாது.
சொன்னால் மரியாதை போய்விடும் என்று சொல்லவில்லை.
இதை அங்கே சொன்னேன்.
கோட்டில் சொல்லியிருக்க மாட்டேன்,
சட்டத்தரணி விட்டிருக்கவும் மாட்டார்.

அவர் நீண்ட நேரம் தண்ணீர் குடித்தார்.
"நானூறு எண்டது பிறகுதான்" என்றார்,
தமிழில்,
என்னிடம் இல்லை, கிளாஸிடம்.
ஹிர்சிக் அம்மையார்
என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

இரண்டாயிரத்து எண்ணூறு. மூன்று தவணை.
கிடாரம் ஞாயிற்றுக்கிழமைக்குள்.
இந்த முறை எழுதி, மூன்று பேரும் கையெழுத்து.
சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன்.
ஆயிரத்து நானூறு பிராங் என்றால்
எத்தனை மூட்டை அரிசி என்று
திரும்பி வரும் ரயிலில் எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு. அவருடைய கராஜ்.
கிடாரத்துக்குள் குளிர்கால டயர் இரண்டு.
அவர் டயரை எடுத்தார், நான் துணியால் துடைத்தேன்.
இரண்டு பக்கமும் காது வைத்த பாத்திரம்,
ஓராளால் ஏலாது.
மெல்ல, வாசல்நிலை, இந்தப் பக்கம், மெல்ல
என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை,
வான் வரைக்கும்.

கதவைச் சாத்தும்போது சொன்னார்:
"வைகாசியில ஒரு பிறந்தநாள் வருது. அறுபது பேர்."

"எழுதித் தாங்கோ" என்றேன்.