எடைச்சீட்டு

புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நடுவே
எடைமேடை வைத்திருக்கிறேன்.
லாரி சுமையோடு ஒருமுறை ஏறும்
இறக்கிவிட்டு ஒருமுறை ஏறும்
இரண்டுக்கும் இடையில் உள்ளதுதான் நெல்.
பதினாறு வருஷமாக இந்தக் கழித்தல் கணக்கில்
எங்கள் உலை கொதிக்கிறது.

தேனம்மை ஒன்பதாவது.
ஐப்பசியிலிருந்து
சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.
சார்ஜ் போட்டால்கூட
போனைக் கவிழ்த்தே வைத்தாள்.
எடைமேடை முன்னால் நிற்கிற பள்ளிக்கூடப் பஸ்ஸை விட்டுவிட்டு
அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துபோய் ஏறினாள்.
வயசு அப்படி என்றேன்.
வேறு என்னமோ என்றாள் அவள் அம்மா.
அந்த என்னமோவைக் கேட்க நேரமில்லை,
அறுவடை.

தையில் ஒரு ராத்திரி
அவளே வந்து நின்றாள்.
"பிடுங்க மாட்டேன்னு சொல்லு, காட்டுறேன்."
சொன்னேன்.

மேடை நடுவே தூக்குவாளியோடு அவள்.
பின்னால் சிவப்பு எண்கள்:
பன்னிரண்டாயிரத்து நானூறு கிலோ.
கீழே, 'டன்னம்மை'.
ஸ்டிக்கராக வெட்டி
பாட்டுப் போட்டு ஆடவிட்டு
நாற்பத்தொரு பேர் இருக்கிற குழுவில்
விடிய விடிய.

பத்துக் கிலோவுக்குக் குறைந்தால்
என் மேடை காட்டாது.
அந்தப் போன் கால் கிலோகூட இல்லை.

கை ஓங்கத்தான் வந்தது,
யார்மேல் என்று தெரியவில்லை.
மேலே தள்ளத் தள்ள
மூன்று மாசம் பின்னால்
குழுவில் விழுந்த முதல் படம்.
என் ஸ்டேட்டஸ். மேலே என் பெயர்.
ஆயுதபூஜைக்கு மறுநாள்
சாப்பாடு கொண்டுவந்தவளை நான் எடுத்தது.
அதில் லாரியும் நிற்கிறது, எண் அதனுடையது.
பையன்கள் லாரியை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.
'எங்க டன்னம்மை வந்தாச்சு'
என்று எழுதியவன் நான்.
மில்காரர் வைரவன் அன்றைக்கு
சிரிக்கிற முகம் மூன்று அனுப்பினார்.
அவர் மகன் இவள் வகுப்பு.

"அழிச்சிரவா?"
வேண்டாம்மா, இப்போ வேண்டாம்.
சீட்டில்லாத எடை செல்லாது,
எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.
தேதி, நேரம், நம்பர் தெரிய
ஒவ்வொன்றாய் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம்.
பதினேழாவதில் எழுந்துபோய்த்
தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.
இருபத்தாறில் நிறுத்தினேன்.
"அதையும் சேருப்பா" என்றாள்.
சேர்த்தேன். இருபத்தேழு.

காரைக்குடியில் தலைமையாசிரியை
"புள்ளைங்க விளையாட்டு" என்று ஆரம்பித்தார்.
கவரைப் பிரித்து மேசையில் பரப்பினாள் இவள் அம்மா.
கவரின் மேல் பேனாவால் 1098 என்று
நேற்றே எழுதி வைத்திருந்தாள்.
கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார் அம்மையார்.

குழு கலைந்துவிட்டதாம்.
இன்னொன்று இருக்கும்.
வைரவன் லாரிகள் பத்து நாளாய்
வேறு மேடைக்குப் போகின்றன, போகட்டும்.

நேற்று மத்தியானம் வாளியோடு வந்தாள்.
மேடையில் கால் வைக்காமல்
ஓரத்து உமிச்சாம்பலில் சுற்றி.
நானும் சுற்றிக்கொண்டே எதிரே போனேன்.
பாதி வழியில் நின்றாள்.
"போன் எங்கப்பா?"
"உள்ளே."
இரண்டு கையையும் பார்த்தாள்.
அப்புறம்தான் வாளியைத் தந்தாள்.