மூன்று புள்ளி

இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
பதினோரு மாதம் என்று போட்டிருக்கிறது.
அட்வான்ஸ் பதினைந்தாயிரம்.
கரண்டு யூனிட்டுக்கு எட்டு.
மூன்று நாளைக்கொருக்கா தண்ணீர், ஆறு குடம்.
சுவரில் ஆணி அடிக்கலாகாது.
காலி செய்யும்போது
பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடித்தம்.
கூரையைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் பார்ப்பது லேபிள் வேலை.
பின்கழுத்தில் ஒன்று,
இடது பக்கத் தையலுக்குள் ஒன்று.
நூற்றுக்கு நூறு பருத்தி.
எந்த நாட்டில் தைத்தது.
எத்தனை டிகிரி தண்ணீரில் அலசலாம்,
எவ்வளவு சூடு தாங்கும்.
ஒரு எழுத்து மங்கினாலும்
செக்கிங் தம்பி பண்டலையே திருப்பிவிடுவான்.
எங்கோ பனி பெய்கிற ஊரில்
யாரோ பெற்ற பிள்ளையின் தோலுக்கு
இவ்வளவு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினஞ்சு வேலம்பாளையத்தில்
முதுகோடு முதுகு ஒட்டிய பன்னிரண்டு ரூம்.
எனது ஏழாவது.
மேலே சிமெண்ட் ஷீட்.
ஷீட்டுக்கும் எனக்கும் நடுவே ஒரு ஃபேன்.
அது கொதிப்பைக் கடைந்து
கீழே ஊற்றுகிறது.

சாயப்பட்டறை லேபில் இருக்கும் கோகிலவாணி
ஒரு ஞாயிறு மட்டும் தெர்மாமீட்டர் தந்தாள்.
மதியம் இரண்டு: நாற்பத்து மூன்று.
ராத்திரி பதினொன்று: முப்பத்தேழு.
பத்திரத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டு
சென்னியப்பண்ணன் வீட்டுக்குப் போனேன்.
அவர் மொட்டை மாடியில்
வெள்ளை ஓடு பதித்திருந்தது.

"ஏனுங்ண்ணா, இதுல ஒரு வரி சேத்தோணும்."
"என்னம்மிணி?"
"மேல என்ன போட்டிருக்குது,
அதுக்கு அடியில என்ன போடுலீன்னு."
சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.
"பாத்துட்டுத்தான குடி வந்தீங்க?"
"மார்கழில, காலைல ஏழு மணிக்குக் காட்டுனீங்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"வெயில நானா அடிக்க உடுறேன்?"
"வெயிலு உங்குளுது இல்லீங். ஷீட்டு உங்குளுது."
அவர் சம்சாரம் மோர் கொண்டுவந்து வைத்தார்.
மோரில் உப்பு சரியாக இருந்தது.
பத்திரம் அப்படியே இருந்தது.

கட்டிங் வேஸ்ட் மூன்று மூட்டை வாங்கினேன்.
கோணிக்குள் திணித்து, மெத்தையாகத் தைத்து,
ஷீட்டுக்கு அடியில்
கம்பியோடு கட்டித் தொங்கவிட்டேன்.
ஆணி அடிக்கவில்லை.
நான்கு டிகிரி இறங்கியது.
பாலக்காட்டுக் காற்று வந்த பிறகு
போர்வை கூடத் தேடினேன்.
ஆவணியில் புரோக்கர் மயில்சாமி
வாசலில் நின்று யாருக்கோ போனில் சொன்னார்:
"ஏழாம் நெம்பர் சீலிங் போட்ட ரூமுங்க,
குளுகுளுன்னு கெடக்கும்."
அடுத்த மாதம் வாடகை ஐந்நூறு ஏறிற்று.

காலி செய்கிற அன்று
ஸ்டூல் மேல் கத்தரிக்கோலோடு நின்றேன்.
அறுத்துவிட்டால் மயில்சாமி பொய்யர் ஆவார்.
ஆனால் படுக்கப்போவது மயில்சாமி இல்லை.
இறங்கி, மார்க்கர் எடுத்து
கதவின் உட்புறம் எழுதினேன்:
கூரை சிமெண்ட் ஷீட்.
கீழே கோணி மெத்தை, குடியிருந்தவள் செலவு.
சித்திரை மதியம் நாற்பத்து மூன்று,
கோணி கட்டிய பிறகு முப்பத்தொன்பது.
மழை பெய்தால் மேற்கு மூலையில் பக்கெட் வைக்கவும்.

சாவி வாங்க வந்தவள் ஒடிசாக்காரி.
செக்கிங் செக்‌ஷனில் பார்த்த முகம்,
பெயர் லிப்சா, இடுப்பில் கைக்குழந்தை.
என் எழுத்தைப்
பூரான் போவதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

எனக்குத் தெரிந்த இன்னொரு எழுத்து இருக்கிறது.
எந்த நாட்டுக்காரனும் வாசிப்பது,
ஒரு நாளைக்கு நாலாயிரம் முறை
என் விரலுக்கடியில் ஓடுவது.
எழுதியதற்குக் கீழே
ஒரு இஸ்திரிப் பெட்டி வரைந்தேன்.
அதன் வயிற்றுக்குள் மூன்று புள்ளி.

லிப்சா புள்ளிகளை விரலால் தொட்டாள்.
நிமிர்ந்து ஷீட்டைப் பார்த்தாள்.
குழந்தையை
மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.