நவம்பரில் ஒரு ஜூலை

கதைப்படி அது ஜூலை.
கோதுமை வயலோரம், கையில்லாத கவுனில்
ஹால்ஷ்கா சிரிக்கிறாள்:
"இந்த வெயில் ஆளைப் பொரித்துவிடும்."
வெயில் என்ற சொல்லோடு
வாயிலிருந்து ஒரு வெண்புகை.

எடுத்தது நவம்பரில்.
பணம் வந்துசேரத் தாமதம் என்கிறது
தயாரிப்புக் குறிப்பேடு.
ஒவ்வொரு டேக்குக்கும் முன்
ஐஸ் கட்டியை வாயில் அடக்கச் சொன்னார்களாம்,
மூச்சு தெரியாமலிருக்க.
பதினோராவதில் அது கரைந்திருக்க வேண்டும்.
அல்லது துப்பியிருப்பாள்.
நான் இரண்டாவதை நம்புகிறேன்.

நாற்பத்தாறு பிரேம்கள்.
இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவு.

இயக்குநரின் மகள் லுத்விகா
வார்சாவிலிருந்து மரியாதையாக எழுதுகிறாள்:
அப்பாவைக் கடைசிவரை உறுத்திய புகை அது,
இப்போதுதான் முடியுமே, எடுத்துவிடுங்கள்.

முடியும்.
மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடியும்.

இந்தப் படத்திலிருந்து எவ்வளவோ எடுத்திருக்கிறேன்.
பூஞ்சை, ஒட்டுப்பசையின் மஞ்சள்,
ஏதோ ஊர்த் தியேட்டர் ஆபரேட்டரின் கட்டைவிரல் ரேகை,
மூன்றாம் ரீலில் வானத்தை நெடுகக் கிழித்த கீறல்.
ஒன்றுக்கும் தூக்கம் கெட்டதில்லை.
எல்லாம் பிறகு வந்து ஏறியவை.
மூச்சு அன்று காலையே அங்கிருந்தது.

சரி, எடுத்தே பார்ப்போம் என்று
பிரதியொன்றில் எடுத்தேன்.
புகை போனதும் கண்ணில் பட்டது
அவள் முழங்கைமேல் புல்லரிப்பு.
பிறகு, பின்னால் நிற்கும் அறுவடைக்காரன்
அக்குளில் செருகிய கை.
பிறகு நண்பகலில் இவ்வளவு நீளமாய்ப் படுத்திருக்கும் நிழல்கள்.
கோதுமையே கோதுமையில்லை,
குத்திவைத்த வைக்கோல்.
தொபியாஸ் எட்டிப்பார்த்து,
"மிச்சம் எதையாவது வைப்பாயா?" என்றான்
சூப்பை உறிஞ்சியபடி.

அப்பா விரும்பவில்லை என்கிறாள் மகள்.
இருக்கலாம்.
ஆனால் பன்னிரண்டாவது டேக் எடுக்கவில்லையே அவர்.
பதினொன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு
இதைத்தானே ஒட்டினார்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா?

நாலு வருடம் முன்பு, வேறொரு படம்.
ரயில்வே யார்டில் கடைசிக் காட்சி.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்;
தூசி நீக்கும் மென்பொருளை உச்சத்தில் வைத்து
வீட்டுக்குப் போய்விட்டேன்.
அது வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றாய்த்
தேடித்தேடித் துடைத்திருந்தது.
திங்களன்று பளிச்சென்று இருந்தது வானம்.
விழாவில் கைதட்டினார்கள். ஒரு கேடயமும் தந்தார்கள்.
வருடம் கழிந்து, டிராமில் போகும்போது
சும்மா ஞாபகம் வந்தது:
அது தூசியில்லை.
அந்த வருடத்தின் முதல் பனி.

இப்போது என் பிரதியில்
வெறும் காற்றில் நிற்கிறான் ஒருவன்.
தன் தோளைத் தட்டிவிடுகிறான்,
நிதானமாக, இரண்டு முறை.
பார்ப்பவர்கள் அதை நடிப்பு என்கிறார்கள்.

லுத்விகாவுக்கு இயலாது என்று எழுதினேன்.
கோபித்துக்கொள்வாள். பணமும் நின்றுபோகலாம்.
அதே கையோடு
அலுவலகப் படிவம் ஒன்றை எடுத்து,
முடிந்த வேலையை மீண்டும் திறக்க அனுமதி கேட்டேன்.
காரணம் என்ற கட்டம் சின்னது.
எழுதினேன்:
ஒருவன் தோளைத் தட்டுகிறான்.
அங்கே ஒன்றுமில்லை.