படிவம் தொண்ணூற்றைந்து

பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி கைகலப்பு.
இருளப்பனுக்கு இடது முழங்கையில் ஏழு தையல்.
கைப்பற்றிய பொருள்: பழைய வாள் ஒன்று, உறையுடன்.

சோழவந்தான் ஸ்டேஷனில் எட்டு வருஷமாய் ஏட்டு நான்.
அரிவாளுக்கு இருநூறு, கடப்பாரைக்கு முந்நூறு,
திருட்டு மிக்ஸிக்கு, பில் இருந்தால் பில் தொகை
என்று எழுதிப் பழகிய கை
மதிப்பு என்ற கட்டத்தில் நின்றது.

"எங்க தாத்தாவுக்கு
ஜப்பான் கர்னல் மண்டிபோட்டுக் குடுத்தது மேடம்.
லட்சக்கணக்குல போகும்."
இதை மட்டும்
அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் மதுரையிலிருந்து
கோவர்த்தனனை வரவழைத்தார்.
தெற்குமாசி வீதி மாடியில் பல்செட் செய்கிறவர்;
ஞாயிற்றுக்கிழமைகளில்
சண்டைக்காலத்து மெடல், பெல்ட் பக்கிள், தொப்பிச் சின்னம்.
டீ வேண்டாமென்றார்.
பிடியோரம் ஒரு பித்தானை அழுத்தி
ஆடும் பல்லைப் பிடுங்குவதுபோல் உருவினார்.

முதலில் பிடி.
"கயிறு சுத்தின மாதிரி தெரியுதுல்ல? சுரண்டிப் பாருங்க."
சுரண்டினேன். பழுப்புப் பெயின்ட் உரிந்து
அடியில் அலுமினியம்,
எங்கள் வீட்டுக் குண்டானின் வெள்ளை.
கயிறும் முடிச்சும் அச்சில் வார்த்தவை.
"ஆபீசர் வாள்னா நிஜக் கயிறு, அடியில திருக்கைத் தோல்.
இது ஹவில்தார்மாருக்குக் குடுக்கிறது. ஃபாக்டரி சரக்கு.
தொண்ணூத்தஞ்சாம் வகைன்னு பேரு."
என் முன்னால் இருந்த படிவமும் தொண்ணூற்றைந்துதான்.
யாரும் சிரிக்கவில்லை.
கர்னல் அப்போதே அறையை விட்டுப் போயிருந்தார்.

பிறகு நம்பர்.
அலகின் அடியில் குத்தியது: எட்டு மூன்று நான்கு ஒன்று இரண்டு.
உறையின் வாயில்: ஆறு ஒன்று ஒன்பது பூஜ்யம் ஏழு.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
மறுபடி படித்தார்.
"ஒரு ஆள் கத்தி, வேற ஆள் உறை. பாதி விலை போச்சு.
வருஷா வருஷம் யாரோ செங்கப்பொடி போட்டுத் தேச்சிருக்காங்க."
(ஆயுத பூஜைக்குத் தேய்த்த தவசி தரையைப் பார்த்தான்.)
"அதுல கொஞ்சம் போச்சு.
உறையில இந்தப் பள்ளம், அதுக்கொரு மூவாயிரம்."

பெஞ்சில் இருந்த காமுத்தாய்,
இரண்டு பேரையும் பெற்றவள்,
"பள்ளத்துக்குக் கூடுமா, குறையுமா?" என்றாள்.
"குறையும்மா."

அவள் மாமனார் சோலைமலை சிப்பாயே இல்லை.
மலாயாவில் ரப்பர்ப்பால் வெட்டிக்கொண்டிருந்தவரை
சயாமில் ரயில்ரோடு போட ஏற்றிப்போனார்கள்.
கட்டை தூக்குகையில் ஒருநாள்
காய்ச்சலோடு உட்கார்ந்துவிட்டார்.
உறையோடு ஓங்கின அடி
பாதி தோளில், பாதி தண்டவாளத்தில்.

"சண்டை முடிஞ்சு எல்லாத்தையும்
வெறகு மாதிரி குவிச்சுப் போட்டிருந்தாகளாம்.
பகல் பூராத் தேடி இந்த உறையை எடுத்தாராம்.
வெறும் உறையாக் கெடந்துச்சாம்.
பக்கத்துல கெடந்த எதையோ சொருகிட்டு வந்திருக்காரு.
கடைசிக் காலத்துல நாந்தான் குளிப்பாட்டினேன்.
தோள்ல ஒரு குழி.
சோப்பு அதுல தங்கும், ரெண்டு சொம்பு கூட ஊத்தணும்."

கர்னல் கதையை யார் கட்டியது என்று கேட்டேன்.
"அவருதான். பேரப்பிள்ளைககிட்ட
வேற என்னத்தச் சொல்லுவாரு?"

அப்போது திண்டுக்கல் பாசஞ்சர் போனது.
மேஜை அதிர,
உறைக்குள் கத்தி லேசாகக் கிலுகிலுத்தது.

கோவர்த்தனன் துண்டுச்சீட்டில் எழுதியிருந்த தொகையை
ஒரு கோடு போட்டு அடித்தார்.
வேறு எழுதவில்லை.
ஐந்து நாற்பது பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கட்டம் காலியாக இருந்தால்
கோர்ட்டில் திருப்பி அனுப்புவார்கள்.
அரிவாளுக்குப் போடுவதையே போட்டேன், ரூபாய் இருநூறு.
அங்க அடையாளம் என்ற இடத்தில் மட்டும்
இரண்டு நம்பரையும் தனித்தனியே எழுதி,
வரி போதாமல் ஓரத்தில் திருப்பி,
உறையின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி
கட்டைவிரல் அளவுப் பள்ளம் ஒன்று,
பழையது.