தொண்ணூறு தாண்டினால்

பதினோரு வரி. பெர்மெத் எழுதியது.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்விழித்து
டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்கும்,
பதிலில் ஐந்தாம் பத்தியை மட்டும் பிய்த்தெடுக்கும்,
விழுக்காட்டுக் குறியைக் கிள்ளி எறியும்,
மிஞ்சிய எண்ணைத் தொண்ணூறோடு உரசிப் பார்க்கும்.
குறைவென்றால் ஒன்றும் பேசாது.
மறுபடி படுத்துக்கொள்ளும்.

ஸ்கிரிப்டின் தலையில் ஒரு குறிப்பு வைத்திருந்தாள்:
தாண்டினால் ஊர்மத்தை எழுப்பு.
முதல் கடிதத்துக்கு எழ மாட்டான்.

நாரின் ஆற்றங்கரையில் எங்கள் கருவி
நொடிக்கு நூறு முறை மண்ணின் நாடி பிடிக்கிறது.
நடுக்கம் என்னவோ எப்போதாவதுதான்.
மற்றதெல்லாம்
கணவாய் ஏறும் நிலக்கரி லாரி,
சாப்தார் வீட்டுக் குதிரைகள்,
ஆற்றில் பனிப்பாளம் உடைவது,
அப்புறம் ஒன்றுமே நடக்காத இரவுகள்.
ஒன்றுமே நடக்காததும் இடம் பிடிக்கும்.
வேலைக்குச் சேரும்போது யாரும் இதைச் சொல்லவில்லை.

ஜனவரி. இரண்டு மணி பத்து.
போன் முனகியது: தொண்ணூற்றொன்று.
புரண்டு படுத்தேன்.
தொண்ணூற்று மூன்று.
தொண்ணூற்றைந்து வந்தபோது பூட்ஸைத் தேடினேன்.

கோப்புறை கோப்புறையாக அளந்து கூட்டினேன்.
அறுபத்தொன்று.
டிஸ்க்கைக் கேட்டேன்.
தொண்ணூற்றேழு.
இரண்டுக்கும் பொய் சொல்லத் தெரியாது.
நடுவில் இருக்கும் முப்பத்தாறு
எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

அக்டோபரில் அவள் ஓஷுக்கு மாற்றலாகிப் போன மறுநாள்
அவளுடைய கோப்புகளை நானே அழித்தேன்.
பழையவை என்று நினைத்து,
கொஞ்சம் கோபத்திலும்.
பெயர்கள்தான் போயிருக்கின்றன.
திறந்து வைத்த ஒரு கை மட்டும்
இன்னும் விடவில்லை.
பட்டியலில் எங்குமில்லாத கோப்பில்
அவளுடைய புரோகிராம் மூன்று மாதமாக
எழுதிக்கொண்டே இருக்கிறது.

குதிரைக் குளம்படியையும் நிலநடுக்கத்தையும்
பிரித்தறியக் கற்றுத் தருகிறேன் என்பாள்.
நான் சிரிப்பேன்.

காப்பாற்றலாம்.
அந்தக் கை பிடித்திருக்கும்வரை
அதன் வழியே நகல் எடுக்கலாம்.
நகலுக்கும் அதே முப்பத்தாறு வேண்டும்.
என்னிடம் இருப்பது மூன்று.

கடைசிச் சில வரிகளை மட்டும் எட்டிப் பார்த்தேன்:
இரண்டு ஐம்பத்தொன்று, குதிரை.
இரண்டு ஐம்பத்திரண்டு, குதிரை.
இரண்டு ஐம்பத்துநான்கு, தெரியவில்லை.

எண்ணைத் தட்டி நிறுத்தினேன்.

அறுபத்தொன்று.

தேநீர் ஆறும்வரை அங்கேயே இருந்தேன்,
பத்து நிமிடம், இன்னும் ஒரு பத்து.
போன் பேசவில்லை.
நலம் என்பதற்கு அந்தப் பதினோரு வரியில்
ஒரு சொல்லும் கிடையாது.

நாலே காலுக்குத் தரை லேசாக அதிர்ந்தது.
லாரியாக இருக்கும்.
இருந்தாலும்
நேரத்தைக் குறித்து வைத்தேன், கையால்,
ஒரு காகிதத்தில்.