பக்கம் இருநூற்றுப் பதினொன்று

ஆறு வருஷம் காத்திருந்தேன் உங்களுக்காக.
போத்தி துறைமுகத்தில் மூடுபனி இறங்கினால்
கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும்.
எனக்கு வேலை இருக்காது.
முப்பத்தெட்டு மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரை போட்ட பெட்டிக்குள்
ஒரு பிளாஸ்க், பீன்ஸ் மசியல் அடைத்த ரொட்டி,
மடியில் உங்கள் புதிய நாவல்.

எதேரி கடையில் முதல் பிரதி எனக்குத்தான்.
"உன் ஆள் வந்துட்டார்" என்று
ஆரஞ்சுப் பழப் பையில் போட்டுக் கொடுத்தாள்.
அட்டையை முகர்ந்து பார்த்தேன். ஒளிப்பானேன்.

ஐம்பது பக்கம் வரை உங்களுக்காக வாதாடினேன்:
வேண்டுமென்றேதான் மெதுவாகப் போகிறார்.
நூறில், உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ.
நூற்றைம்பதில் வாதாட ஒன்றும் மிச்சமில்லை.
விடுதி அறையில் ஓர் எழுத்தாளர்.
கண்ணாடி பார்க்கிறார்.
மழை பெய்கிறது, எதுவோ நினைவு வருகிறது,
மறுபடி கண்ணாடி.
ஒருவருக்கும் பசிக்கவில்லை இந்தப் புத்தகத்தில்.
யாரும் வாடகை கட்டவில்லை.

முதல் நாவலில் அந்தச் சீட்டு விற்கிறவள்
சில்லறையைத் தப்பாக எண்ணுவாளே,
சிப்பாய்ப் பையன்களுக்கு மட்டும் இரண்டு காசு கூடுதலாக,
ராத்திரி கணக்கு உதைத்தால்
சத்தமில்லாமல் தன் பையைத் திறப்பாளே,
அவளை எழுதிய கை எங்கே போயிற்று?

பிறகு அந்தப் பக்கம்.
எழுத்தாளர் ஜன்னலைத் திறக்கிறார்.
எங்கள் ஊர் மாதிரியே ஒரு துறைமுகம்.
"கிரேன்கள் கொக்குகளைப் போல
ஒற்றைக் காலில் தவமிருந்தன."

ஐயா,
என் கிரேனுக்கு நான்கு கால்.
காலுக்கு எட்டுச் சக்கரம்.
அதற்குத் தவம் தெரியாது, காற்று தெரியும்.
அளவு மீறி வீசினால் மணியடித்து
என்னை இறங்கச் சொல்லும்.
ஒற்றைக் காலில் நின்றது நான்,
அடுத்த வரியாவது தேறும் என்று.

வாக்கி டாக்கியில் எம்சாருக்குப் படித்துக் காட்டினேன்.
பத்து வருஷமாகக் கீழிருந்து எனக்குக் கைசாடை காட்டுகிறவன்.
கொஞ்ச நேரம் இரைச்சல்.
"அழகாத்தானே இருக்கு" என்றான்.
அன்று சாயங்காலம் வரை அவனோடு பேசவில்லை.

வீட்டுக்குப் போனதும் பழையதை எடுத்தேன்,
பக்கத்தில் வைத்துக் குற்றப்பத்திரிகை எழுத.
அதை வாங்கியபோது எனக்கு இருபத்தாறு.
துறைமுக கேண்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்,
அந்த எண்ணெய் இன்னும் தாளின் ஓரங்களில் இருக்கிறது.
நாற்பத்து மூன்றாம் பக்கம்.
பென்சிலால் இரண்டு முறை அடிக்கோடு,
ஓரத்தில் ஓர் ஆச்சரியக்குறி.
கொக்குகள்.
அதே ஒற்றைக் கால்.

கோடு போட்டது வேறு யாருமில்லை.
அந்த வரியைப் படித்த வாரம்தான்
பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன்.
பொம்பளையா என்று சிரித்தார்கள்.
நூற்றெண்பத்தாறு படி. ஏறினேன்.

அப்படியானால் யார்மேல் கோபம் என்று
அடுப்பில் தண்ணீர் வற்றும்வரை உட்கார்ந்திருந்தேன்.
நீங்கள் கரையிலேயே நிற்கிறீர்கள், கழுத்தை நிமிர்த்தி.
நான்தான் இடம் மாறிவிட்டேன்.
இது மன்னிப்பு இல்லை, தெரிந்துகொள்ளுங்கள்.
அந்த விடுதி அறை மோசம்தான்.
சீட்டு விற்கிறவளுக்கு அங்கே
ஒரு துடைப்பமாவது கொடுத்திருக்கலாம்.

மறுநாள் காலை எதேரி கடை வாசலில் மறித்தாள்.
எப்படி இருக்கு?
தாள் நல்ல தாள் என்றேன்.

பனி விலகிக்கொண்டிருந்தது.
மாங்கனீஸ் ஏற்ற ஒரு கப்பல் உள்ளே வருகிறது,
எம்சார் கீழே கையுறை மாட்டுகிறான்.
பாதிப் படியில் மூச்சு வாங்க நின்று
பக்கத்துக் கிரேனைப் பார்த்தேன்.
தரையோடு இன்னும் கொஞ்சம் வெள்ளை.
அதன் மூன்று கால்கள் தெரியவில்லை.

சே.